வேகத்தைக் குறைத்த குற்றம்

1

நான் கனடாவுக்கு வந்து இந்தப் புரட்டாதியோடு முப்பது வருடம். மனைவி மேரி அஜின்கோர்ட்டில் இருக்கிற தமிழ்ப் பேக்கரி ஒன்றில் கேக்குக்குச் சொல்லியிருந்தாள். மேலே தமிழில் எழுத வேண்டும் என்றும் சொன்னாளாம். “முப்பது வருட நல்வாழ்த்துகள்” என்று பச்சை ஐசிங்கில் எழுதி வந்தது. நாங்கள் கனடாவை வாழ்த்துகிறோமா, கனடா எங்களை வாழ்த்துகிறதா என்று அதைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. வெட்டிச் சாப்பிட்டோம். ருசிக்குக் குறைவில்லை.

இத்தனை வருடத்தில் இந்த நாடு என்னைப் பார்த்து “உள்ளே வராதே” என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறைக்குள் அடைந்து கிடந்தபோதும் கட்டடக் காவலாளி “லிஃப்டில் மெத்தை ஏற்றாதே” என்றுதான் சொன்னான். போன வருடம் பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நாடாளுமன்றம் வரைக்கும் போய், உள்ளே இருந்து படமும் எடுத்தேன். ஆனால் இந்த ஆவணியில் இருந்து நான் கால் வைக்கக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது. ரொறன்ரோவில் இருந்து வடகிழக்கே ஒன்றரை மணித்தியாலம் போனால், சோளக் காடுகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கார்ப் பந்தயத் திடல் வரும். அதன் பின்வளவில் கார்களை நிறுத்தித் திருத்துகிற இடத்தைப் ‘பிற்’ என்பார்கள். அங்கேதான் எனக்குத் தடை.

நான் அடிதடியில் இறங்கவில்லை. குடித்துவிட்டுக் கத்தவும் இல்லை. என்னுடைய மகளின் கார் கொஞ்சம் மெதுவாக ஓடட்டும் என்று ஒரு வேலை செய்தேன். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

2

அனிற்றா எங்களுடைய ஒரே பிள்ளை. இங்கே பிறந்து வளர்ந்தவள். பகலில் கார் இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றில் வேலை. காரை மோதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, எப்படி மோதினீர்கள் என்று விசாரித்து எழுதுவது அவளுடைய தொழில். சனிக்கிழமை பின்னேரங்களில் தானே போய் மோதிவிட்டு வருவாள்.

இதை எங்களுடைய ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது லேசான காரியம் இல்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது ஓர் அன்ரி மேரியிடம் கேட்டா.

“மகள் இப்ப என்ன செய்யிறா?”

“வேலை செய்யிறா அன்ரி. மற்றது, கார் ஓட்டுறா.”

“ஐயோ, படிச்ச பிள்ளையெல்லோ. ரக்ஸியோ?”

“ரக்ஸி இல்லை. ரேஸ்.”

அன்ரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, “அப்ப கலியாணம்?” என்று கேட்டா. எந்தப் பேச்சும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதானே.

எல்லாவற்றுக்கும் தொடக்கம், வேலையிடத்துச் சிநேகிதி ஒருத்தி அனிற்றாவைப் பந்தயம் பார்க்கக் கூட்டிப் போனது. திரும்பி வந்தவள், “அப்பா, எங்கட கராஜில இடம் இருக்கோ?” என்று கேட்டாள். அடுத்த கிழமை அவளைவிட வயதில் மூத்த கார் ஒன்று வெக்ஸ்போர்டில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் வந்து நின்றது. பின்சீற் இல்லை, கண்ணாடி இல்லை. கதவில் யாரோ தூரிகையால் இலக்கம் எழுதியிருந்தார்கள். மேரி அதைப் பார்த்துவிட்டு, “கன்னியர் மடத்துக்குப் போறன் எண்டு சொல்லியிருந்தாலும் நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டன்” என்றாள்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். மஞ்சள் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நீங்கள் யாரையாவது வாயாரத் திட்டியிருந்தால், அது நானாகவும் இருக்கலாம். இப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு மகள். ஒரு கிழமை முழுவதும் “வேண்டாம்” என்றேன். பிறகு பொனற்றைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அதோடு என் கதை முடிந்தது.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பெரிய வகுப்புக்குப் போன காலத்தில் இருந்து அனிற்றா எங்களோடு கதைப்பது குறைந்துபோனது. கேட்டதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல், பிறகு அறைக்கதவு. கார் வந்த பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கராஜுக்கு வந்து, “அப்பா இது என்ன? இது ஏன் இப்பிடி?” என்று தமிழில் கேட்கத் தொடங்கினாள். அவள் கழுத்தை முறிக்கப் போகிற கார் என்று தெரிந்தும் நான் அதைக் கழுவித் துடைத்து வைத்தேன். அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

3

இந்தப் பந்தயத்தை நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கிற பளபளப்போடு சேர்த்து நினைக்கக் கூடாது. திடலில் பல வகுப்புகள். அனிற்றா ஓடுவது அடி வகுப்பு. நாலு சிலிண்டர் உள்ள பழைய கார்கள். காசு இருக்கிறவன் பெரிய என்ஜினைப் போட்டு மற்றவர்களை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். என்ஜின் தொழிற்சாலையில் இருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். இருந்தால் ஓடத் தகுதி உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

தகுதி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். அகதிக்குத் தகுதியா, வேலைக்குத் தகுதியா, மனைவியைக் கூப்பிடத் தகுதியா என்று அந்தச் சொல் எனக்குப் பின்னாலேயே அலைந்தது. அதனால் திடலின் சட்டப் புத்தகத்தை ஆவலோடு வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு விதி. ‘செய்யலாம் என்று இதில் எழுதியிராவிட்டால், செய்யக்கூடாது.’

இப்படி ஒரு விதியை நான் உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. ஊரில் நாங்கள் எழுதாததை எல்லாம் செய்தோம். எழுதியதை, அரசாங்கக் கந்தோரில் தெரிந்த ஆளைப் பிடித்துச் செய்தோம். இங்கேயோ ஒரு ஸ்குரூவை மாற்றுவதற்குக்கூடப் புத்தகத்தில் இடம் தேட வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் பிற்றில் போய் நின்றால் பந்தயத்தைவிட இந்தச் சண்டைதான் விறுவிறுப்பு. அவனுடைய என்ஜின் வேறு காரில் இருந்து வந்தது, இவன் என்ஜினின் ஹெட்டைச் சீவியிருக்கிறான், அந்த வருடத்தில் இந்தப் பாகத்தோடு கார் விற்கவே இல்லை என்று தாடி வைத்த பெரிய மனிதர்கள் மூக்குக்கு மூக்கு நின்று கத்துவார்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் அதே ஆட்கள் ஒன்றாக நின்று ஹொட்டோக் தின்பார்கள்.

முறைப்பாடு செய்வதற்கும் ஒழுங்கு இருக்கிறது. முதலாவதாக வந்தவன் மேல் சந்தேகம் என்றால் இரண்டாவதாக வந்தவன் ஒரு தொகையைக் கட்டி, அவனுடைய என்ஜினைத் திறந்து காட்டச் சொல்லலாம். பந்தயம் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் சொல்ல வேண்டும். நாங்களும் யாழ்ப்பாணத்தில் பெற்றிசம் என்கிற புகார்க் கடிதம் எழுதிப் பழகிய சனம்தான். ஆனால் எங்களுடைய பெற்றிசத்தில் பெயர் இருக்காது, எழுத்தும் இடது கையால் எழுதியதாக இருக்கும். இங்கே எழுதுகிறவன் நேரே வந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டபோது, இந்த ஊரில் ஒருவருமே பெற்றிசம் போட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

4

ஆனியில் ஒரு நாள் அனிற்றாவின் கார் ஆவி கக்கியது. என்ஜின் கொதித்து ஹெட் வளைந்துவிட்டது. ஹெட் என்பது என்ஜினுக்கு மேல்மூடி. அந்த மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். கஸ்கெற் என்பார்கள். அதற்குக் கீழேதான் பெற்றோல் வெடிக்கிறது. தகடு ஒன்று. தொழிற்சாலை ஒன்றைத்தான் வைக்கிறது.

நான் இரண்டு வைத்தேன்.

ஏன் என்று இளம் ஆட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வரத் தடை. நான் அப்போது கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. சங்கத்தின் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகத் திரிய வேண்டும். பெற்றோல் சில சொட்டுகளை விட்டு உதைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். மண்ணெண்ணெய் சும்மா எரியாது. உள்ளே அமுக்கம் கூடினால் என்ஜின் சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். பிறகு நின்றுவிடும். அதனால் கஸ்கெற்றுக்கு மேலே இன்னொரு கஸ்கெற். மூடி கொஞ்சம் உயரும், அமுக்கம் குறையும், வேகம் செத்துப்போகும். ஆனால் நிற்காது. குண்டுபோடுகிற விமானம் மேலே வருகிற நேரத்தில் வெட்டவெளித் தெருவில் வண்டி நின்றுபோன ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நல்ல என்ஜின் என்றால் நடுத்தெருவில் நிற்காத என்ஜின் என்று அந்த வருடங்களில் என் கைக்குப் படிந்துவிட்டது.

அதனால் வெக்ஸ்போர்ட் கராஜுக்குள்ளே, தாராளமாகப் பெற்றோல் கிடைக்கிற நாட்டில், கடையில் இரண்டு கஸ்கெற் வாங்கி வந்து இரண்டையும் வைத்தேன். அனிற்றா பக்கத்தில் நின்று லைற் பிடித்தாள்.

“ஏனப்பா ரெண்டு?”

“பாதுகாப்புக்கு.”

“ஓகே.”

மகளின் கார் வேகமாக ஓட வேண்டும் என்று எந்தத் தகப்பன் நினைப்பான்? நான் நினைக்கவில்லை. அவள் போய், ஓடி, உயிரோடு திரும்பி வர வேண்டும். அது மட்டும்தான் எனக்குத் தேவை.

5

ஆடி முழுவதும் அவள் கடைசிக்கு முந்தைய ஆளாக வந்தாள். எனக்கு நிம்மதி. அவள் தன்னுடைய ஓட்டத்தில்தான் பிழை என்று நினைத்து, வளைவுகளில் எப்படி வேகம் விடாமல் போவது என்று படித்துக்கொண்டே இருந்தாள். இறுக்கமாகத் திரும்புவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று பிற்றில் கதைத்தார்கள். மெதுவான என்ஜின் ஒரு பிள்ளையை நல்ல ஓட்டுநர் ஆக்கிவிட்டது என்று இப்போது நான் மேரியிடம் சொல்லுவது உண்டு. அவள் அதை ஏற்றுக்கொண்டதில்லை.

ஆவணி முதல் சனிக்கிழமை, கடைசிச் சுற்றில், முன்னால் போன இரண்டு பேர் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று ஒருவரை ஒருவர் இடித்துச் சுவரோடு போய் நின்றார்கள். வளைவுகளில் ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாவதாக வந்துகொண்டிருந்த அனிற்றா உள்பக்கத்தால் நுழைந்து முதலாவதாக வந்தாள். அவளுடைய முதல் வெற்றி. நான் பிற்றில் நின்று, எனக்கே விளங்காத மொழியில் கத்தினேன். ஒரு தாடிக்காரர் என்னைக் கட்டிப் பிடித்தார்.

அதற்குள் கெவின் வந்துவிட்டான். பக்கத்து ஊரில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறவன், முப்பது வயது இருக்கும். இரண்டாவதாக வந்தவன் அவன்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “உங்களுடைய என்ஜின் எங்களுடையது மாதிரிச் சத்தம் போடவில்லை. நான் முறைப்பாடு செய்யப் போகிறேன். தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு, “கோப்பி வாங்கப் போகிறேன், உங்களுக்கு வேண்டுமா?” என்று கேட்டான். பெற்றிசம் போட்டவன் கையால் நான் கோப்பி குடித்தது அன்றைக்குத்தான். பால் கொஞ்சம் அதிகம்.

பரிசோதகர் ரோன் என்கிற கிழவர். திறப்பது எங்களுடைய வேலை, பார்ப்பது அவருடைய வேலை. நான் ஹெட்டைக் கழற்றினேன். எனக்கு ஒரு துளி பயம் இல்லை. என்ஜினை வேகமாக்கினால்தானே களவு? ரோன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இரண்டா?”

“ஓம், இரண்டு” என்றேன் பெருமையோடு. மண்ணெண்ணெய், அமுக்கம், யாழ்ப்பாணம் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். கூட்டம் கூடிவிட்டது. கெவின் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

“அப்படியானால் நீ இதை மெதுவாக்கியிருக்கிறாய்” என்றார் ரோன்.

“அதைத்தான் சொல்லுகிறேன்.”

“நான் நம்புகிறேன். ஆனால் இரண்டு வைக்கலாம் என்று புத்தகத்தில் இல்லை.”

வெற்றி போய்விட்டது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா என்று புதன்கிழமை விசாரணை வைப்பார்களாம். ஓட்டுநர் தெரிந்தே விதியை மீறியிருந்தால் அந்தப் பருவம் முழுவதும் அவர் ஓட முடியாது. புரட்டாதியில் வருகிற கடைசிப் பந்தயத்துக்காக அனிற்றா கோடை முழுவதும் காத்திருந்தாள். அதற்குத்தான் இப்போது ஆபத்து.   

6

விசாரணை என்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இராணுவம் விசாரித்தது. இராணுவத்தோடு சண்டை பிடித்தவர்களும் விசாரித்தார்கள். கொழும்பில் பொலிஸ் விசாரித்தது. கடைசியில் கனடாவில் ஒரு குடிவரவு அலுவலர், தண்ணீர் தந்துவிட்டு மரியாதையாக விசாரித்தார். இத்தனை பேரிடமும் நான் தப்பி வந்தது ஒரே ஒரு பதிலால்தான். தெரியாது. யார் செய்தது? தெரியாது. யாரோடு போனான்? தெரியாது. ஒரு பெயரைச் சொன்னால் ஓர் ஆள் இல்லாமல் போய்விடுவான். நான் ஒருவருடைய பெயரையும் சொன்னதில்லை. என்னிடம் இருக்கிற ஒரே சொத்து அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன் நான்.

அதனால் புதன்கிழமை 401 நெடுஞ்சாலையில் வாகன நெரிசலுக்குள் ஊர்ந்துகொண்டு போகும்போது அந்தச் சொத்தை மகளுக்குக் கொடுக்கப் பார்த்தேன்.

“பிள்ளை, ஒண்டும் யோசியாத. கேட்டா, பழைய இரும்புக் கடையில என்ஜினை அப்பிடியே வாங்கினது எண்டு சொல்லு. உள்ளுக்க என்ன இருந்தது எண்டு எனக்குத் தெரியாது எண்டு சொல்லு.”

“ஆனா எனக்குத் தெரியுமே அப்பா. நான்தானே லைற் பிடிச்சனான்.”

“அது அவைக்குத் தெரியாதுதானே.”

“அப்பா, தட்ஸ் லையிங்.”

“உது பொய்யில்லை பிள்ளை. தெரியாது எண்டு சொல்லுறது பொய்யில்லை. அது வந்து…” என்று தொடங்கினேன்.  முன்னால் இருந்த லொறி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

திடல் அலுவலகத்தில் ஒரு மடக்கு மேசை. பின்னால் மூன்று பேர். ரோன், திடலின் சொந்தக்காரர், சுற்றுகளை எண்ணுகிற வயதான பெண்மணி. பெண்மணி வீட்டில் செய்த பிஸ்கற் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தா. கெவினும் வந்திருந்தான். இதற்குப் போய் விசாரணை என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். இந்த மூன்று பேரையும் சமாளிக்க முடியாதா?

சொந்தக்காரர் கேட்டார். “என்ஜினை யார் பொருத்திப் பூட்டியது?”

“என் அப்பா” என்றாள் அனிற்றா.

யோசிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.  முன்னால் பிஸ்கற் இருக்கிறது, பக்கத்தில் மாட்டுக்காரன் இருக்கிறான், ஒருவரும் என்னை அடிக்கப் போவதில்லை. ஆனாலும் என்னுடைய உடம்பு அதை நம்பவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

“உள்ளே என்ன வைத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். நான் லைற் பிடித்தேன். இரண்டு தகடு வைத்ததைப் பார்த்தேன். அது கூடாது என்று தெரியாது. புத்தகத்தை முழுவதும் நான் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அப்பா என்னை மெதுவாக்கத்தான் செய்தார். நான் சாகக்கூடாது என்பதற்காக” என்றாள்.

அந்தப் பெண்மணி பிஸ்கற் தட்டை என் பக்கம் தள்ளினா.

எங்களை வெளியே அனுப்பிவிட்டு மூவரும் கதைத்தார்கள். தீர்ப்பு வந்தது. உண்மை சொன்னபடியால் அனிற்றா ஓடலாம், வெற்றியும் அதன் புள்ளிகளும் இல்லை. என்ஜினைப் பூட்டியவர் பருவம் முடியும்வரை பிற்றுக்குள் வரக்கூடாது. ரோன் வாசல்வரை வந்து என் கையைக் குலுக்கினார். என்னைத் தண்டித்துவிட்டுக் கை குலுக்கிய முதல் அதிகாரி அவர்தான்.

காருக்குள் ஏறியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “பெத்த தகப்பனைக் காட்டிக் குடுத்திட்டாய்” என்றேன்.

“அப்பிடியெண்டா என்ன?”

இந்தச் சொல்லால் எங்களுடைய ஊரில் எத்தனை குடும்பம் அழிந்தது. என்னுடைய பிள்ளைக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. “ஆர் செய்தது எண்டு பேரைச் சொல்லிக் குடுக்கிறது” என்றேன்.

“அவை கேட்டவை அப்பா” என்றாள். “நீங்கள் செய்தனீங்கள். நான் பாத்தனான். அவை கேட்டவை. வேற என்ன சொல்லுறது?”

காரைக் கிளப்பினேன். கோபம் அடங்கவில்லை, உண்மையைச் சொன்னால் அழுகையும் வந்தது. வீட்டில் மேரி மட்டும்தான் தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்தாள். “அப்ப இனிச் சனிக்கிழமையில நீங்கள் என்னோட மரக்கறிக்கடைக்கு வரலாம் எல்லோ?” என்றாள்.

7

அதற்குப் பிறகு ஹெட்டை அனிற்றா தானே பூட்டினாள். ஒரே ஒரு கஸ்கெற். கராஜுக்குள் எனக்குத் தடை இல்லை. ஆனாலும், “இந்த முறை நான் செய்யிறன் அப்பா. நீங்கள் லைற் பிடியுங்கோ” என்றாள். பிடித்தேன். ஆணிகளை அளவாக இறுக்குகிற விசேடச் சாவி எங்களிடம் இல்லை. அது கெவினுடையது. அவன் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மேரி கொடுத்த மீன் ரோலை நின்ற நிலையில் மூன்று தின்றான்.

கடைசிப் பந்தயத்துக்கு நான் ரிக்கற் எடுத்துப் போய்ப் பலகைப் படியில் உட்கார்ந்தேன். பிற்றில் நிற்கும்போது பந்தயம் சரியாகத் தெரியாது. சத்தம்தான் கேட்கும். அன்றைக்குத்தான் என் மகள் ஓடுவதை முழுதாகப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மனிதர் தன் பெண்சாதியிடம், “அந்தச் சின்ன நீலக் காரைப் பார், வளைவில் என்னமாய்ப் போகிறது” என்றார். என் பிள்ளை என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் கண்ணீர் மறைத்துவிட்டது.

கடைசிச் சுற்றில் முன்னால் கெவினும் அவளும் மட்டும். கடைசி வளைவில் பக்கத்தில் பக்கத்தில் நுழைந்தார்கள். வெளியே வரும்போது கெவினின் கார் ஒரு குதி குதித்து முன்னால் பாய்ந்தது. அவன் முதலாவது, அனிற்றா இரண்டாவது.

எனக்குப் பொறி தட்டியது. தொழிற்சாலையில் இருந்து வந்தபடி இருக்கிற என்ஜின் அப்படிக் குதிக்காது. எத்தனை என்ஜின் பார்த்தவன் நான். படிகளில் விழுந்தடித்து இறங்கி, ரசிகர்களையும் பிற்றையும் பிரிக்கிற கம்பி வேலிக்கு ஓடினேன். அனிற்றா ஹெல்மெற்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். முகம் முழுவதும் வியர்வையும் சிரிப்பும்.

“செக்கண்ட் அப்பா! பாத்தனீங்களோ?”

“பாத்தனான் பிள்ளை. பெற்றிசம் போடு.”

“என்ன?”

“முறைப்பாடு. இரண்டாவது ஆள் போடலாம்தானே. அரை மணித்தியாலம் இருக்கு. அவன்ர என்ஜினைத் திறக்கச் சொல்லு.”

“இல்லை அப்பா.”

“அவன் வளைவில இருந்து வெளிக்கிட்ட விதத்தைப் பாத்தனியோ? உள்ளுக்க என்னவோ செய்திருக்கிறான். உனக்கு அவன் செய்தது மறந்துபோச்சோ?”

“நானும் யோசிச்சனான். அதான் கேட்டனான்.”

“ஆரை?”

“கெவினை. என்ஜினில ஏதும் செய்தனியோ எண்டு கேட்டனான். ஒண்டும் செய்யேல்லையாம்.”

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டாளாம். சொன்னானாம். என்னையும் நாலு இடத்தில் கேட்டார்கள். சொன்னதை ஓர் இடத்திலும் முழுதாக நம்பவில்லை. நம்பாதது அவர்கள் பக்கம் சரிதான். நானும் அதுவரை ஒருவருடைய வாயை நம்பி எதையும் விட்டதில்லை.

“அவன் பொய் சொல்லியிருந்தா?” என்றேன்.

அவள் ஹெல்மெற்றை மற்றக் கைக்கு மாற்றினாள். 

“பொய்யெண்டா அது அவன்ர என்ஜின் அப்பா. என்ர இல்லை.”

சொல்லிவிட்டுக் காரை வீட்டுக்கு இழுத்துப் போகிற றெயிலரில் ஏற்றப் போனாள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து ஸ்ரியரிங்கைப் பிடிக்க, ஒருவர் பின்னால் நின்று தள்ள வேண்டும். தள்ளுவது எப்போதும் என்னுடைய வேலை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கெவின் தன்னுடைய பரிசுக் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு ஓடிவந்து தோளைக் கொடுத்தான். கார் ஏறியது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தான். வேறு வழியில்லாமல் நானும் அசைத்தேன்.